விலாங்கு முள்

கணவாய் மீனின் தோலைக் குளிர்ந்த தண்ணீரில் உரித்துக்கொண்டே உதயகுமாரி மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"அப்ப மச்சாள், அண்ணைக்கு வேறை என்ன விருப்பம்?"

சிவநாயகி குசினி மேசையில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி வைத்திருந்தாள். உரிக்கத்தான் இருந்தவள். பத்து நிமிடமாக ஒன்றைக்கூட உரிக்கவில்லை.

"அவர் எல்லாம் சாப்பிடுவார்."

"எல்லாம் சாப்பிடுறது வேறை, விருப்பம் வேறை. நாளைக்கு எட்டு. மனுசன் வந்து இலையைப் பாத்துப்போட்டு, எனக்குப் பிடிச்சது ஒண்டுமில்லையே எண்டு திரும்பிப் போகப்படாது."

போன திங்கட்கிழமை காலையில் மகேந்திரராசா இறந்துபோனார். ஐம்பத்துநாலு வயது. இருவருக்கும் வேலை இல்லாத நாள். சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சிவநாயகி தேத்தண்ணியோடு வந்தபோது கண்ணை மூடியிருந்தார். நித்திரையாக்கும் என்று நினைத்து, ஆறிப்போகுமே என்று அந்தத் தேத்தண்ணியை அவளே குடித்தாள். குடித்து, கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் எழுப்பப் போனாள். இதை அவள் அம்புலன்ஸில் வந்தவர்களுக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை.

ஒஸ்லோவில் எரிப்பதற்கு இரண்டு கிழமை காத்திருந்தவர்களும் உண்டு. யாரோ ஒருவர் பின்போட்ட நேரம் இவர்களுக்குக் கிடைத்ததால் வெள்ளிக்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது. இனி மிச்சம் எட்டுச் செலவு. செத்தவர் உயிரோடு இருந்தபோது எதையெல்லாம் ஆசைப்பட்டுச் சாப்பிட்டாரோ, அதையெல்லாம் எட்டாம் நாள் சமைத்து, இலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்கவேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவார். அதுவரைக்கும் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது. கணவாய் மட்டும் ஞாயிறே குசினிக்குள் வந்துவிட்டது. சமைக்கிறது நாளைக்குத்தானே, துப்புரவாக்கிறதிலை என்ன குற்றம் என்று உதயகுமாரி தானே கேட்டு, தானே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

அவள் மகேந்திரராசாவின் ஒரே தங்கை. ஸ்தவாங்கரிலிருந்து செவ்வாய்க்கிழமை விமானம் ஏறி வந்தவள், வந்த நேரத்திலிருந்து வீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அதில் சிவநாயகிக்கு மனவருத்தம் ஒன்றுமில்லை. யாராவது எடுக்கத்தானே வேண்டும். ஆனால் உதயகுமாரிக்குத் தெரிந்தது இருபது வயது அண்ணன். கணவாய், றால், முட்டைப் பொரியல் என்று அவள் சொன்னதெல்லாம் அந்தப் பெடியனுக்குப் பிடித்தவை. ஐம்பத்துநாலு வயது மனிதருக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லவேண்டியவள் சிவநாயகி. அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை வெங்காயத்தோடு அப்படியே இருக்க வைத்தது.

தெரியாமல் போனதற்குக் காரணம் சொல்லலாம். பதின்மூன்று வருடம் அவர் நகரின் மேற்குப் பக்கம் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். மதியம் போனால் திரும்பி வர நடுச்சாமம். அவள் முதியோர் இல்லத்தில் காலை ஆறரைக்கு வேலை தொடங்க வேண்டும். கடையிலேயே சாப்பிட்டுவிடுவார். ஞாயிறும் திங்களும் மட்டும் வீட்டில் சோறு. அந்த இரண்டு நாளும் எதைப் போட்டாலும், "நல்லாயிருக்கு" என்பார். ஒரே குரல். முதல்நாள் மிஞ்சிய பருப்புக்கும் அதுதான், விடியவே எழும்பி வைத்த ஆட்டிறைச்சிக் கறிக்கும் அதுதான்.

ஒருமுறை ஊரிலிருந்து அவளுடைய அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூள் வந்தது. பொதியை வெட்டின உடனே வீடு முழுக்க மணந்தது. அவள் ஓடிப்போய் அவர் மூக்குக்கு நேரே பிடித்து, "மணந்து பாருங்கோ," என்றாள். மணந்து பார்த்தார். "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கடையில் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுப் பழகியவருக்கு இனி என் கறி எங்கே பிடிக்கப்போகிறது என்று நினைத்தாள். வேறு பெண்ணென்றால் போய்ச் சண்டை பிடிக்கலாம். சாப்பாட்டுக் கடையோடு எப்படிச் சண்டை பிடிப்பது? ஞாயிற்றுக்கிழமை ஒரு கறியும் ஒரு சொதியும் என்று சமையலைச் சுருக்கிக்கொண்டாள். அவர் அதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அம்மா, பன்னிரண்டு மணியாகுது. நீங்கள் போறியளோ இல்லையோ? நான் அவருக்கு ஃபோனிலை மெல்டிங் எழுதி அனுப்ப வேணும்." மகள் மிதுனா கைத்தொலைபேசியோடு வாசலில் வந்து நின்றாள்.

உதயகுமாரி கணவாயைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். "எங்கை போறது?"

"அப்பான்ரை முதலாளி, மொரித்தா. செத்தவீட்டுக்கு வந்து கடைசி வாங்கிலை இருந்தவரெல்லே, அவர். இண்டைக்குக் கடை பூட்டு. அம்மா ஒருக்கா வந்து சாப்பிட்டுப் போகோணும் எண்டு கேட்டவர்."

"எட்டு முடியேல்லை, துடக்கு வீடு, கடையிலை போய்ச் சாப்பிடுறதோ! அதுவும் மீன்கடையிலை! ஆராவது கேட்டா என்ன சொல்லுறது?"

"மீன் இல்லாமல் செய்யிறாராம் மாமி. அவையின்ரை நாட்டிலையும் செத்தவீட்டுக்காரர் மச்சம் தொடமாட்டினமாம். தானே முதல் அதைத்தான் சொன்னவர்."

"அதுக்காக?"

சிவநாயகி வெங்காயத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள். "நான் போறன்."

"மச்சாள்!"

"அவருக்கு என்ன விருப்பம் எண்டுதானே கேக்கிறாய் உதயா? கேட்டுக்கொண்டு வாறன்."

மிதுனா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சிவநாயகி குளிர்ச்சட்டையை மாட்டினாள். வெள்ளைச் சேலைக்கு மேலே கறுப்புக் குளிர்ச்சட்டை, காலில் சேற்றுப் பனிக்கான சப்பாத்து. ஹவுகன்ஸ்டுவா நிலையத்தில் ரயிலுக்கு நின்றபோது தெரிந்த முகம் இரண்டு தலையைக் குனிந்துகொண்டது. துக்க வீட்டுக்காரி எங்கே வெளிக்கிட்டாள் என்று பின்னால் அவர்கள் கதைப்பார்கள். கதைக்கட்டும்.

*

கடைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. மிதுனா எழுதித் தந்த இலக்கத்தை இரண்டு தடவை பார்த்துத்தான் மணியை அழுத்தினாள். பதின்மூன்று வருடத்தில் அவள் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நிற்பது இதுதான் முதல்தடவை. அவர் வா என்று கூப்பிட்டதில்லை, அவளும் வரட்டா என்று கேட்டதில்லை.

மொரித்தா கதவைத் திறந்து, இடுப்பு வளைய வணங்கினார். அறுபதைத் தாண்டியவர், தலை மழித்தவர், அவளுடைய தோளளவுதான் இருந்தார். உள்ளே ஒரு நீட்டு மரப்பலகை, அதன் முன்னால் எட்டே எட்டுக் கதிரை. பலகைக்கு அந்தப்பக்கம் அடுப்பும் அவரும். வேறு யாரும் இல்லை. அவ்வளவு அமைதியான சாப்பாட்டுக் கடையை அவள் பார்த்ததில்லை. நம்முடைய சனம் புழங்கும் குறொன்லாண்டில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் போனாலே ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது.

நடுக் கதிரையில் இருத்தினார். இருவரும் நோர்வீஜிய மொழியில்தான் பேசவேண்டியிருந்தது. இருவருக்கும் இரவல் பாஷை. அதனால் மெதுவாகப் பேசினார்கள், நன்றாகவே விளங்கியது.

"எட்டு விதமாக வரும்," என்றார் மொரித்தா. "ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான். அவசரம் வேண்டாம். குச்சி கஷ்டமென்றால் கரண்டி இருக்கிறது. கையால் சாப்பிட்டாலும் எனக்குச் சந்தோஷம்."

முதலில் வந்தது உள்ளங்கை அகலக் கிண்ணத்தில் எள்ளை அரைத்துக் களியாகக் கிண்டி வெட்டிய ஒரு துண்டு. அவ்வளவுதான். இதற்கு ஒரு கிண்ணம், ஒரு தட்டு, தட்டுக்குக் கீழே ஒரு மேப்பிள் இலை. நம்முடைய ஆட்கள் என்றால், எங்கே மிச்சம் என்று எட்டிப் பார்ப்பார்கள். சிவநாயகி கரண்டியால் எடுத்து வாயில் வைத்தாள். எள்ளின் வாசம் மெல்ல, மிக மெல்ல ஏறி வந்தது. நல்லாயிருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கெட்டதாக இருந்திருந்தால் ஒரு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இது அவருக்கு விருப்பமோ?" என்று கேட்டாள்.

மொரித்தா கொஞ்சம் யோசித்தார். "இல்லை," என்றார்.

அடுத்தது மூடி போட்ட கறுப்புக் கிண்ணம். மூடியைத் திறந்ததும் ஆவியோடு தேசிக்காய்த் தோல் போல ஒரு வாசம் எழும்பியது. தெளிந்த தண்ணீர், அடியில் ஒரு காளான், ஒரு துண்டு கிழங்கு. கடற்பாசியை ஊறவைத்து எடுத்த சாறு என்றார். நாளாந்தம் மீன் சீவலும் போடுவார்களாம், இன்றைக்குப் போடவில்லை. பார்த்தால் தண்ணீர், குடித்தால் தண்ணீர் இல்லை.

"இது?"

"இதுவும் இல்லை."

மொரித்தா அவள் முடித்த கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தார். "இந்தக் கிண்ணங்கள் மெஷினுக்குள் போகாது. இது மரம், ஊறவிடக் கூடாது. அந்தத் தட்டு மண், சாப்பாடு வைக்கமுன் ஊறவிட வேண்டும். குளிர்காலத்துக்கு வேறு, கோடைக்கு வேறு. எது எந்தப் பெட்டிக்குள் என்று எனக்குத் தெரியாது, ராசாவுக்குத்தான் தெரியும். ஐந்து நாளாக நான் தேடிக்கொண்டிருக்கிறேன்."

சிவநாயகிக்குச் சிரிப்பு வந்தது. செத்தவீடு நடந்து இரண்டு நாளில் சிரிப்பா என்று அடக்கிக்கொண்டாள். வீட்டில் குடித்த கோப்பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழும்பிப் போகிறவர். கதிரைக்குக் கீழே கோப்பை, யன்னலில் கோப்பை, குளியலறையில்கூடக் கோப்பை. அந்த மனிதர் இங்கே பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறாராம்! சிரிப்பு போன இடத்தில் எரிச்சல் வந்தது. நல்லதையெல்லாம் இங்கே கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தானே எனக்குக் கொண்டுவந்தார் என்று நினைத்தாள்.

வெட்டிச் சுட்ட கத்தரிக்காய் வந்தது. வினாகிரியில் ஊறிய முள்ளங்கி வந்தது. அவித்த பூசணி வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். கடைசியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மிஸ்டர் மொரித்தா, நாளைக்கு நாங்கள் அவருக்குச் சாப்பாடு வைக்கவேண்டும். அவருக்கு விருப்பமானதை வைக்கவேண்டும். அது எங்கள் முறை. மனைவிக்குத் தெரியாதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்குத் தெரியாது. பதின்மூன்று வருடம் அவர் உங்களிடம்தான் சாப்பிட்டார். என்னதான் சாப்பிட்டார், சொல்லுங்கள்."

மொரித்தா அடுப்புப் பக்கம் திரும்பினார். எண்ணெய் காய்ந்தது. தாமரைக் கிழங்கைக் காகிதத் தடிப்பில் சீவி ஒவ்வொன்றாகப் போட்டார். எடுத்து வடியவிட்டு, ஒரு சின்னத் தட்டில் நிமிர்த்தி அடுக்கி அவளுக்கு முன்னால் வைத்தார்.

"கடிக்கும்போது கொஞ்சம் கேளுங்கள்," என்றார்.

கடித்தாள். நொறுங்கிய சத்தம் அந்த வெறுங் கடைக்குள் பெரிதாகக் கேட்டது.

"இது அவருக்குப் பிடிக்கும். ருசிக்காக இல்லை. ராசாவுக்கு ருசி தெரியாதே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய முகத்தில் ஒரு தடுமாற்றம் ஓடியது. இவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் அவர் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தார்.

"அந்த வருடம் ஐஸில் விழுந்தாரே, பின்கதவடியில்," என்றார் மெல்ல.

விழுந்தது தெரியும். தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம். குப்பைப் பெட்டியோடு சறுக்கிப் பின்னந்தலை அடிபட்டு, நாலு தையல், இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அவள்தான் பக்கத்தில் இருந்தாள். வீட்டுக்கு வந்தபின் ஒரு மாதம் பேசாமல் இருந்தார். தலையிடியாக்கும் என்று விட்டுவிட்டாள்.

"மூக்குக்குப் போகிற நரம்பு அறுந்துவிட்டது. வாசம் ஒன்றும் இல்லை. உப்பு, புளி, உறைப்பு, இனிப்பு அது மட்டும் நாக்கில் தெரியும். மற்றதெல்லாம் போய்விட்டது. கத்தரிக்காயும் பூசணியும் அவருக்கு ஒன்றுதான்."

"உங்களுக்குச் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"இல்லை. அவர் சொல்லவில்லை. நான் கண்டுபிடித்தேன். ஒருநாள் சோறு கருகிக் கடை முழுக்க மணம். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டு கிண்ணம் துடைக்கிறார். பிறகுதான் கேட்டேன். ஒரு வருடத்துக்குள் திரும்பி வரலாம் என்று டாக்டர் சொன்னாராம். வரும், வந்தபிறகு மனைவிக்குச் சொல்வேன், இப்போது சொன்னால் வீணாகக் கவலைப்படுவாள் என்றார். ஒரு வருடம் கழித்து மறுபடி கேட்டேன். ஒரு வருடமாக நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டேன், இனி எப்படிப் போய்ச் சொல்வது என்று சிரித்தார்."

சிவநாயகி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் பார்த்தால் மிளகாய்த்தூள் வந்தது அதற்கு அடுத்த வருடம். மூக்குக்கு நேரே பிடித்தாளே. அந்த மனிதர் மூச்சை இழுத்து, ஒன்றுமே வராமல், நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு, முகத்தை மறைக்கத் திரும்பியிருக்கிறார். அவள் கோபித்துக்கொண்டு போய்ச் சமையலைக் குறைத்தாள்.

அவர் இந்த மனிதரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை என்பதை அவள் முதலில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான். சொல்லாததையே ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் கிடந்த அவள் ஒன்பது வருடமாகக் கண்டுபிடிக்கவில்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது? சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவரும் இல்லை.

"சோறு கருகினது வீட்டிலையும்தான்," என்று தமிழில் சொன்னாள். மொரித்தாவுக்கு விளங்கவில்லை. ஆனால் தலையாட்டினார்.

பிறகு அவர்தான் பேசினார். ஐந்தரை மணிக்கு வேலையாட்கள் சாப்பிடும்போது ராசாவுக்கு மட்டும் வேறாக ஏதாவது பொரிப்பாராம். மூக்கு போனால் காது இருக்கிறது, பல் இருக்கிறது என்று தொடங்கியது. கிழங்கு, வேர், இலை என்று எல்லாம் பொரித்துப் பார்த்தார்கள். கடைசியில் விலாங்கு முள்ளில் வந்து நின்றது. விருந்தாளிகளுக்கு விலாங்கின் சதை போகும், நடுமுள் எஞ்சும். அதைக் கழுவி, காயவைத்து, இரண்டு தடவை பொரித்தால் கண்ணாடி உடைகிற மாதிரி நொறுங்கும்.

"கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். தலைக்குள் கேட்கிறது என்பார். ஒன்பது வருடம், கிழமைக்கு ஐந்து நாள். அலுக்கவில்லை."

குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு காகிதப் பொதியை எடுத்து வந்தார். ஒரு தரம் பொரித்து வைத்த முள். போன செவ்வாய்க்கிழமை, செய்தி தெரியமுன், அவருக்கென்று எடுத்து வைத்தது. இன்றைக்கு அவள் தொடமாட்டாள் என்பதால் வெளியே எடுக்கவில்லை.

"நாளைக்கு மீன் ஆகுமா?" என்று கேட்டார்.

"நாளைக்கு ஆகும்."

"வைக்கிற நேரத்தில் இன்னொரு தரம் பொரியுங்கள். முன்னரே பொரித்து வைக்காதீர்கள். பத்து நிமிடம்தான். பிறகு பதம் போய்விடும், சத்தம் வராது."

அதன்பிறகு சோறும் ஊறுகாயும் வந்தன. சோற்றைக் கையால் சாப்பிட்டாள். மொரித்தா அந்தப்பக்கம் நின்று, பார்க்காதமாதிரி, ஒரு கிண்ணத்தை எந்தப் பெட்டிக்குள் வைப்பது என்று ஒவ்வொரு பெட்டியாகத் திறந்துகொண்டிருந்தார்.

திரும்பும்போது ரயிலுக்குள் நனைந்த கம்பளி மணத்தது. எதிரே ஒரு மனிசி தோடம்பழம் உரித்தாள். சிவநாயகி இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாயால் மூச்சு விட்டபடி இருந்தாள். தோடம்பழக்காரி தன் பழ மணத்துக்குத்தான் மூக்கைப் பொத்துகிறாள் என்று நினைத்துப் பழத்தைப் பைக்குள் வைத்துவிட்டாள். ஒரு நிலையத்துக்கு மேல் சிவநாயகியால் தாங்க முடியவில்லை. அவர் ஒன்பது வருடம் தாங்கினார்.

*

"இதென்ன கோதாரி?"

திங்கட்கிழமை பதினொரு மணி. சுவாமி அறையாக மாற்றிய சின்ன அறையில் மகேந்திரராசாவின் படத்துக்கு முன்னால், குறொன்லாண்ட் கடையில் வாங்கிய உறைந்த வாழையிலை விரித்தாயிற்று. கணவாய்க் கறி, றால் பொரியல், கோழி, முட்டை, முருங்கையிலை வறை, வடை, ஒரு போத்தல் பியர், ஒரு பெட்டி சிகரெட். சிகரெட்டை அவர் இருபது வருடத்துக்கு முன்னமே விட்டிருந்தார். ஆனால் உதயகுமாரியின் அண்ணன் விடவில்லை. குசினியில் அவள் காகிதப் பொதியைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"விலாங்கு முள்," என்றாள் சிவநாயகி. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

"முள்ளோ? படையலுக்கு முள்ளோ மச்சாள்? சாப்பிட்டுத் துப்பினதைப் பொறுக்கிக் கொண்டுவந்து வைச்ச மாதிரியெல்லே இருக்கும்! வந்து நிக்கிற சனம் என்ன சொல்லும்? அதுவும் விலாங்கு. பாம்பு போலை கிடக்கு."

"அவருக்கு விருப்பமானது இதுதான்."

"அண்ணை எப்ப விலாங்கு திண்டவர்? நான் காணேல்லை."

"நானும் காணேல்லை," என்றாள் சிவநாயகி.

உதயகுமாரி பொதியை எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தாள். மிதுனா வாசலில் நின்று தாயையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். கடையில் என்ன நடந்தது என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். சாப்பிட்டனான், நல்ல மனுசன் என்பதற்கு மேல் பதில் வரவில்லை. இதை ஒருவருக்கும் சொல்வதில்லை என்று ரயிலிலேயே சிவநாயகி முடிவெடுத்துவிட்டாள். சொன்னால், ஐயோ அண்ணை என்று ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவரைப் பற்றி அவளிடம் இருப்பது இது ஒன்றுதான்.

"மிதுனா, கற்பூரத்தட்டை எடுத்து வை. ஊதுபத்தியைக் கொளுத்து. நான் கொண்டுவந்து வைச்ச உடனை காட்டோணும். பிந்தப்படாது."

"ஏனம்மா அவசரம்? ரிசாந் மாமா இன்னும் வரேல்லை."

"அவர் வரேக்கை வரட்டும்."

எண்ணெய் காய்ந்தது. முள்ளைக் கொட்டினாள். இரைந்து பொங்கி அடங்கியது. படையலுக்குச் சமைப்பதை நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது. அதனால் ஒன்றைக் கரண்டியில் எடுத்துச் சட்டி விளிம்பில் தட்டினாள். கிண்ணென்றது. இன்னும் கொஞ்சம் விட்டு மறுபடி தட்டினாள். அடுப்பை நிறுத்தி, ஒரு வெள்ளைத் தட்டில் வடித்துக்கொண்டு, ஓடாத குறையாக அறைக்குள் போனாள். கணவாய்க்கும் கோழிக்கும் நடுவில் இடம் இல்லை. கோழியைத் தள்ளிவிட்டு இலையின் நடுவில் குவித்தாள். வந்திருந்த அயல்வீட்டுச் சனம் இரண்டு மூன்று பேர் கழுத்தை நீட்டிப் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கற்பூரம் காட்டியாயிற்று. உதயகுமாரிக்கு அண்ணனுடைய படத்தைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை, நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி தொடங்கிவிட்டாள். அவளைக் கையில் பிடித்து வெளியே கூட்டி வந்தார்கள். கடைசியாகச் சிவநாயகி வந்து கதவைச் சாத்தினாள்.

ஒடுங்கிய நடைபாதையில் ஏழெட்டுப் பேர் சுவரோடு சுவராக நின்றார்கள். ஒருவர் சப்பாத்துகளுக்கு மேல் நின்று கால் மாற்றினார். யாரோ பனி எப்படி என்று விசாரித்தார்கள், இந்தமுறை பிந்தித்தான் கொட்டும் என்று இன்னொருவர் சொன்னார். மிதுனாவின் கைத்தொலைபேசி ஒருமுறை முனகியது. உதயகுமாரி சத்தமாக அழுதாள்.

"உதயா," என்றாள் சிவநாயகி. "கொஞ்சம் சத்தம் போடாதை அம்மா. ஒருத்தரும் கதையாதேங்கோ. ஒரு பத்து நிமிசம்."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, எல்லோரும் அடங்கிப் போனார்கள். உதயகுமாரி மூக்கைச் சிந்த எடுத்த லேஞ்சியை அப்படியே முகத்தில் பொத்திக்கொண்டாள். கீழே எங்கோ லிப்டு நின்ற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. சிவநாயகி சாத்தியிருந்த கதவுக்குக் கிட்ட ஒரு அடி எடுத்து வைத்தாள். சேலைத் தலைப்பைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, மூச்சையும் பிடித்தபடி நின்றாள்.